மேல்துணி மட்டும்

மருத்துவமனையின் பின்வாசலில் நின்ற ஊழியர் பையை நீட்டியபோது அக்கா ஒரு கையால்தான் வாங்கப் போனாள். வாங்கிய கை சட்டென்று கீழே இறங்கியது. மறு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு பெல்ட், ஒற்றைச் செருப்பு. இதற்கு இவ்வளவு கனம் இருக்க நியாயமில்லை.

பையைத் தரையில் வைத்துப் பிரித்தாள். சட்டைக்கு அடியில், படகில் ஏறுகிறவர்களுக்கு மாட்டிவிடும் ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட் கிடந்தது. தம்பி ஏரியில் மூழ்கியது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உடம்பு கிடைத்தது மறுநாள். இன்று செவ்வாய். இன்னும் ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"பக்கிள் திறக்கவே இல்லம்மா. பட்டையை அறுத்துத்தான் எடுத்தோம். யாரு தைச்சதோ, அவ்வளவு கெட்டியா தைச்சிருக்காங்க" என்றார் ஊழியர். பாவம், அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். படகுத்துறையிலிருந்து இந்த ஜாக்கெட்டைக் கேட்டு இரண்டு முறை ஃபோன் வந்ததாகவும், உடம்பில் இருந்ததைக் குடும்பத்திடம்தான் கொடுக்க வேண்டும் என்று தான் சொல்லிவிட்டதாகவும் கூடவே சொன்னார்.

யார் தைத்தது என்று அக்காவுக்குத் தெரியும். தையல் முடியும் இடத்தில் மெஷினை முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டிப் பூட்டுகிறவள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான். பட்டை அறுபட்டிருந்தது. அதற்கு அரை விரல் தள்ளி அவள் போட்ட பூட்டு ஒரு நூல்கூடப் பிரியாமல் இருந்தது.

கார் சீட்டு, சோபா, முடிவெட்டும் நாற்காலி, இவற்றுக்கெல்லாம் உறை தைக்கிற கடை அவளுடையது. போன வருஷம் படகுத்துறை மேனேஜர் நாற்பது ஜாக்கெட்டுகளைச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார். மேலதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்களாம், துணியெல்லாம் வெளுத்துவிட்டதாம், பத்து நாளில் புதிதாக்கித் தரவேண்டுமாம். அவள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே மிதப்பதற்காக வைத்திருந்த பலகை போன்ற பொருள் வெயிலில் காய்ந்து, கையில் எடுத்ததும் தூள் தூளாக உதிர்ந்தது. மற்றவற்றையும் பிரித்துப் பார்த்தாள், நாற்பதும் அப்படித்தான். உடனே அவருக்கு ஃபோன் செய்தாள்.

உங்களிடம்தான் சோபா ஸ்பாஞ்சு கிடக்குமே, அதை வெட்டி வையுங்கள் என்றார் அவர். ஸ்பாஞ்சு தண்ணீர் குடிக்கும் என்று அவள் சொன்னாள். அதற்கு மேனேஜர் சொன்ன பதில் அவளுக்கு வரிக்கு வரி நினைவிருந்தது.

"இது தண்ணிக்குள்ள போறதுக்கு இல்லம்மா, படகுல உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிறதுக்கு. மேல்துணி பளிச்சுனு இருந்தாப் போதும். உள்ள யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா?"

அவள் தைத்தாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று நினைத்துக்கொண்டு, பத்து நாள் உட்கார்ந்து நாற்பதையும் தைத்தாள். சொன்னதோடு பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பதில்தான் மனிதர்களுக்கு எவ்வளவு சௌகரியம்! அச்சகத்தில் மெஷின் ஓட்டும் தம்பி, விடுமுறை நாள் என்று உதவிக்கு வந்து சாக்குகளை வண்டியில் ஏற்றினான். அக்கா தைத்த பைக்குள் எலி புகுந்தால் அதற்கு ஆயுள்தண்டனைதான் என்று வழக்கம்போல் கிண்டல் செய்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மருத்துவமனையில் வாங்கிய பையோடுதான் அவள் தம்பி வீட்டுக்குத் திரும்பினாள். முன்னறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பை எடுத்துப்போக நான்கு மணிக்கு வண்டி வரும். மேசை, அலமாரி எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளி, அண்டை வீடுகளிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். தம்பி மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவதும் அது மறுபடி விழுவதுமாக இருந்தாள். அக்கா பையைப் பின்பக்கம் கொண்டுபோய், துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைத் தம்பி மனைவியிடம் காட்டும் தைரியம் வரவில்லை.

பின்படியில், அச்சகத்தில் புத்தகங்களுக்கு அட்டை கட்டும் பைண்டர் உட்கார்ந்திருந்தார். தம்பியோடு பன்னிரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர், அன்று அதே படகில் இருந்தவர். கையில் பசை காய்ந்த தடம் இன்னும் போகவில்லை. அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். மூன்று நாளாக அவர் அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

அச்சகத்து ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை போகிற உல்லாசப் பயணம் அது. எட்டுப் பேர் போகிற படகு. துறையை மூடும் நேரம் என்று, இரண்டு நடை போகச் சோம்பல்பட்டுப் பதினான்கு பேரையும் ஒரே நடையில் ஏற்றினார்கள். ஜாக்கெட் ஆறுதான் கொடுத்தார்கள். நீச்சல் தெரியாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். தம்பிக்கு நீச்சல் தெரியாது. நடு ஏரியில் யாரோ போட்டோ எடுக்க எழுந்தார், எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள், அவ்வளவுதான். கவிழ்ந்த படகின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். பிடிக்க இடம் போதவில்லை.

"அவன் நல்ல இடமாத்தான் பிடிச்சிருந்தான் அக்கா" என்றார் பைண்டர். "என்னைப் பார்த்தான். நீங்க இதைப் பிடிச்சுக்கோங்க, எனக்கு ஜாக்கெட் இருக்கு, எங்க அக்கா தைச்சதுன்னு சொல்லிட்டுக் கையை விட்டுட்டான். சிரிச்சுக்கிட்டேதான் விட்டான். கொஞ்ச நேரம் மிதந்தான். அப்புறம் பாரம் இழுக்குது, கழட்ட முடியலன்னு சொன்னான். மீட்புப் படகு வர்றதுக்கு இருபது நிமிஷம்."

அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. துக்கம் என்றால் அதற்கு ஒரு மூலை தேடி அழுதுவிடலாம். இது கோபம். அந்த மேனேஜர் மேல் கோபம், பாதிக் கோபம் தன் மேலேயே. இரண்டையும் பிரித்தெடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரரும் வந்தார். இருவரும் இறங்கியது படகுத்துறையின் வண்டியிலிருந்து. ஊரை விசாரிக்க வேண்டியவர், விசாரிக்கப்பட வேண்டியவருடைய வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். மேனேஜர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உடம்பருகே சற்று நேரம் நின்றார். எவ்வளவு நேரம் நின்றால் போதும் என்று தெரிந்தவர்போலத் திரும்பி, தம்பி மனைவியிடம் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். தட்டச்சு செய்த காகிதம் தயாராக இருந்தது. போலீஸ்காரர் படித்துக் காட்டினார். பாதுகாப்பு ஜாக்கெட் வழங்கப்பட்டும் இறந்தவர் அதை அணிய மறுத்துவிட்டார், தன் கவனக்குறைவால் மூழ்கினார், இதில் வேறு யார் மீதும் குறை இல்லை.

"இல்லைங்க, அவன் போட்டிருந்தான்" என்றார் பைண்டர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. அன்றைக்கு எல்லாரும் பதற்றத்தில் இருந்தார்கள், யார் என்ன போட்டிருந்தார்கள் என்பது எப்படி நினைவிருக்கும் என்று மேனேஜர் மிகவும் அன்பாகச் சொன்னார். பிறகு, கையெழுத்து ஆவதற்குள் அக்காவைத் தேடிப் பின்பக்கம் வந்தார். ஒரு ஜாக்கெட் எண்ணிக்கையில் குறைகிறதாம். மருத்துவமனையில் அவளிடம் கொடுத்துவிட்டார்களாம். படகுத்துறையின் பொருள், திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமாம். பிணம் வீட்டை விட்டு இன்னும் கிளம்பவில்லை, அதற்குள் ஜாக்கெட் கேட்டு வந்து நிற்கிறான் மனுஷன்.

அவள் பையை எடுக்காமல் நின்றதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இது வெளிய போனா எனக்கு மட்டும் கஷ்டம் இல்லம்மா. தைச்சது யாருன்னு கேட்பாங்க. உங்க தம்பி சம்சாரம் முகத்துல நீங்க முழிக்க வேணாமா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பை காலடியில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். தம்பி மனைவிக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. கடையை வழக்கம்போல் திறக்கலாம். போக்குவரவு இருக்கும், தம்பி வீட்டில் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கும்.

"படகு ஓடுதா?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை.

"இன்னைக்கு. ஏரியில படகு ஓடுதான்னு கேட்டேன்."

நேற்று ஒருநாள் நிறுத்தினோம், இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள், தவிர்க்க முடியவில்லை என்றார் மேனேஜர். எல்லாருக்கும் ஜாக்கெட் போட்டுத்தான் அனுப்புகிறோம், இப்போது ரொம்பக் கண்டிப்பு என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

அக்கா பையை எடுத்தாள். அவரிடம் கொடுக்கவில்லை. ஜாக்கெட்டை உருவி வெளியே எடுத்து, போலீஸ்காரரை உரக்கக் கூப்பிட்டாள். அவர் வந்தார். அவர் பின்னால் நாற்காலிகளில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். தம்பி மனைவியும் வந்து வாசற்படியில் நின்றாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. எல்லாரும் பார்க்க, அக்கா ஜாக்கெட்டை அதில் போட்டாள். அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இதைப் போட்டுட்டுத்தான் என் தம்பி செத்தான்" என்றாள் போலீஸ்காரரிடம்.

அது ஏற்கெனவே ஊறிப்போன ஜாக்கெட், ஈரமானதைப் போட்டால் மூழ்கத்தானே செய்யும் என்று மேனேஜர் குறுக்கே வந்தார்.

"நனைஞ்சா முங்குற ஜாக்கெட்டை எதுக்கு சார் படகுல வெச்சிருந்தீங்க?"

அக்கா போலீஸ்காரரைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். வாசற்படிப் பக்கம் மட்டும் திரும்பாமல் இருந்தாள். பிறகு, முகத்தைப் பார்க்காமல் சொல்வது சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தே சொன்னாள்.

"உள்ள இருக்கிறது சோபா ஸ்பாஞ்சு. வெட்டி வெச்சவ நான். தண்ணி குடிக்கும்னு தெரிஞ்சுதான் தைச்சேன். இவர் வைக்கச் சொன்னார், நான் வெச்சேன். இந்த மாதிரி இன்னும் முப்பத்தொன்பது இருக்கு. இந்த நிமிஷம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மேல இருக்கு."

போலீஸ்காரர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். தட்டச்சுக் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். ஃபோனை எடுத்து யாரிடமோ, துறையிலிருந்து ஒரு படகும் கிளம்பக்கூடாது, போனதைத் திருப்பிக் கூப்பிடு என்றார். மேனேஜர் ஏதோ சொல்ல வந்ததற்குக் கையைக் காட்டி நிறுத்தினார். அக்காவிடம், இதையெல்லாம் எழுத்தில் தரவேண்டியிருக்கும், உங்கள் பெயரும் அதில் வரும் என்றார். வரட்டும், வெள்ளைக் காகிதமாகக் கொண்டுவாருங்கள் என்றாள் அவள். எழுதும்போது ஜாக்கெட்டும் வேண்டும், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போனார். கூட்டமும் மெதுவாகக் கலைந்தது.

அக்கா தொட்டிக்குள் கையை விட்டாள். ஜாக்கெட்டை அடியிலிருந்து கிளப்ப முடிந்தது, விளிம்பைத் தாண்டி வெளியே எடுக்க முடியவில்லை. இரண்டு முறை வழுக்கி உள்ளே போயிற்று. மூன்றாவது தடவை குனிந்தபோது பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்தச் சொல்லுக்கும் அவள் தயாராக இருந்தாள். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளாமல் நிற்பது என்று முடிவு செய்திருந்தாள்.

தம்பி மனைவி முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, அறுபட்ட பட்டைப் பக்கமாகப் பிடித்தாள்.

"அந்தத் தோள்பக்கம் பிடிங்க அண்ணி."

இருவரும் தூக்கினார்கள். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. இருவர் காலும் நனைந்தது. அது நிற்பதாக இல்லை. வடியட்டும் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.