ஒரு நாள் விட்டு ஒரு நாள்

பால் குளிரூட்டும் நிலையத்தில் அவளுக்குக் குடையம்மா என்று பெயர். காலை ஆறரை மணிக்கு வெயில் மதிலைத் தாண்டியிருக்காது. அப்போதே, வாயிற்கதவிலிருந்து பால் சோதிக்கும் ஆய்வுக்கூடம் வரைக்குமான நாற்பதடியை அவள் குடை பிடித்துத்தான் கடப்பாள். நிறம் கறுத்துவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று மற்றவர்கள் கேலி பேசியதுண்டு. பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். லூபஸ் என்ற நோயை விளக்கிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

வெயில் பட்டால் அந்த நோய் விழித்துக்கொள்ளும். "வேலியே பயிரை மேயுற கதைதாம்மா" என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளையும் தோலையும் தின்னும்; போதாத காலமென்றால் சிறுநீரகத்தையும் தொடும். அதை அடக்கி வைக்க ஒரு மாத்திரை இருந்தது. மலேரியாவுக்கென்று எப்போதோ கண்டுபிடித்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதல் வருடத்துக்குப் பிறகு அவள் பெரிதாகப் படுத்ததில்லை.

ஊரடங்கு வந்தபோது அவளுக்கு வேலை நிற்கவில்லை. மாட்டுக்கு ஊரடங்கு தெரியாதே என்று மேற்பார்வையாளர் சொல்லி எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். பஸ் டிரைவரான அவள் கணவன்தான் வீட்டில் இருந்தான். வண்டிகள் எல்லாம் பணிமனையில் வரிசையாக நின்றன.

மூன்றாவது வாரம் அவள் மருந்துக்கடைக்குப் போனாள். வழக்கமாக அவள் தலையைக் கண்டாலே கடைக்காரர் மேல்தட்டுக்குக் கையை நீட்டுவார். அன்று நீட்டவில்லை. அந்த மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று டிவியில் யாரோ சொன்னார்களாம். இரண்டே நாளில், சீட்டும் இல்லாமல் நோயும் இல்லாமல், ஜனங்கள் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"உங்களுக்குன்னு ரெண்டு பட்டை எடுத்து வெச்சிருக்கலாம். அப்ப தோணலம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் கல்லாப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பதினேழு மாத்திரை மிச்சம் இருந்தது.

டிரைவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். இவன் டாக்டர் சீட்டைக் காட்டினான். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இது அந்தக் கொரோனா மாத்திரைதானே? எங்க கிடைக்குதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். அவன் சீட்டைத் திரும்ப மடித்து வைக்கிற வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மூட்டுநோய்ப் பிரிவைப் பூட்டிவிட்டு அங்கிருந்த டாக்டர்களைக் காய்ச்சல் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாவது தடவை ஒரு பெண் போனை எடுத்தாள். அவசரக் கேஸ் மட்டும்தான் பார்ப்போம் என்றாள். மருந்து தீரப்போகிறது என்று இவள் சொன்னாள். மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை. அப்படியானால் வீட்டிலேயே பத்திரமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

அன்றிலிருந்து மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆக்கினாள். யாரையும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இல்லை. பதினேழு மாத்திரை முப்பத்து நாலு நாள் வந்தது. அதற்குள் எங்காவது வந்துவிடும் என்று டிரைவர் தினமும் சொன்னான். வரவில்லை.

கடைசி மாத்திரை போட்ட இரண்டு வாரத்தில் விடிகாலையில் விரல்கள் மடங்க மறுத்தன. பால் மாதிரிப் பாட்டில்களின் மூடியைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் எடைபோடுகிறவர் ஒன்றும் கேட்காமல் எல்லா மூடிகளையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போனார். மூக்கிலும் கன்னத்திலும் சிவந்து தடித்தது. முகக்கவசம் அதை மறைத்தது. அந்த மட்டில் நல்லது என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் கால் வீங்கிச் செருப்பு வார் பொருந்தாமல் போனது. சிறுநீரில் நுரை எழுந்தது, கேனில் பாலை ஊற்றும்போது எழுமே, அப்படி. கலையவே இல்லை. அதன் பொருள் அவளுக்குத் தெரியும். மூன்று நாள் கணவனிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னாலும் அவன் சைக்கிளைத்தான் எடுப்பான்.

அந்த வாரம்தான் ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். நாத்தனார் போன் செய்து, இருவரும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். டிரைவருக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி வீடு. நோய் வந்த முதல் வருடம் இவளால் கையைத் தூக்க முடியாமல் இருந்தபோது, இரண்டு மாதம் தினமும் காலையில் வந்து தலை வாரிப் பின்னிவிட்டவள் அவள்தான்.

வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு நாத்தனார் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தாள். "வாரத்துக்கு ஒண்ணு. வீட்டுல நாங்க ஆறு பேரும் போட்டுக்கறோம். உன் உடம்புக்கு எதுவும் சீக்கிரம் ஒட்டிக்கும்ல, அதான் உனக்காக ஒரு பட்டை தனியா எடுத்து வெச்சேன்" என்று நீட்டினாள்.

கம்பெனி வேறு, பட்டையின் நிறமும் வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் மட்டும் அவளுடையது.  டிரைவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.

"அக்கா, இது அவ மாத்திரை."

"அவளுக்குத்தான்டா எடுத்து வெச்சேன்."

"அதில்லக்கா. ஒன்பது வருஷமா இதைத்தான் சாப்பிடுறா. இதுக்குத்தான் நான் ஊரெல்லாம் அலைஞ்சேன்."

நாத்தனார் நாற்காலியின் நுனியில் மெல்ல உட்கார்ந்தாள். "மாத்திரை கிடைக்கலன்னுதானே சொன்னே. பேரைச் சொல்லலையேடா" என்றாள்.

உண்மைதான். வாயில் நுழையாத அந்த நீளப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. எப்போதும் அது "என் மாத்திரை", "உன் மாத்திரை"தான்.

எட்டுப் பட்டை வாங்கியிருந்தார்கள். டிரைவர் கையிலிருந்ததோடு சேர்த்து இரண்டரை மிச்சம். நாத்தனார் இரண்டு முழுப்பட்டையையும் இவள் கையில் திணித்தாள். அரைப்பட்டையை எடுக்கப் போய், கை தயங்கி, தன் கணவனுக்கு மூச்சிரைப்பு உண்டு என்று முணுமுணுத்து அதை டப்பாவிலேயே போட்டு மூடினாள். டிரைவர் வாயைத் திறந்தான். இவள் அவன் முழங்கையை அழுத்தினாள். "இதுவே போதும் அண்ணி" என்றாள். தலை பின்னிவிட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

அன்றே மாத்திரையைத் தொடங்கினாள். ஆனால் அது வேலை செய்யவே மாதக்கணக்காகும். வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது, இனிச் சாண் என்ன, முழம் என்ன. சிறுநீர்ச் சோதனை முடிவை டிரைவர் போனில் படமெடுத்து, ஆஸ்பத்திரி புதிதாகத் தொடங்கிய ஆலோசனை எண்ணுக்கு அனுப்பிய பிறகு டாக்டரே கூப்பிட்டார். சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் படுக்கை இல்லை, காத்திருங்கள் என்றார். கூடுதல் அளவில் ஸ்டீராய்டு எழுதினார். அதனால் தொற்று சுலபமாக ஒட்டும், வேலைக்குப் போகக்கூடாது என்றார். அந்த மருந்தால் அவள் முகம் நிலாப்போல் உப்பிக்கொண்டு வர, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தாள்.

சோதனை முடிவைச் சொன்ன அன்று டாக்டரின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, ஒரு பகுதி தழும்பாகிவிட்டது, அது இனித் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார்.

டிரைவர் கேட்டான். "மாத்திரை இல்லாம இருந்தாளே, அதனாலயா சார்?"

"இருக்கலாம். விடாம சாப்பிடுறவங்களுக்கும் சில சமயம் வருது. அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

அவன் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல் நின்றான். யார் மேலாவது கோபப்படலாம் என்று இத்தனை நாள் தேக்கி வைத்திருந்தான். டாக்டர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தின் முன்னால் தரையில் வட்டம் வட்டமாக வரைந்திருந்தது. டிரைவர் ஒன்பதாவது வட்டத்தில் போய் நின்றான். சீட்டில் புதிதாக ஐந்து மருந்துகள் இருந்தன. அவள் சுவரோரம் பெஞ்சில் அவன் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது மணியடித்தது. நாத்தனார்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். குரலைக் கேட்டால் தூங்கியே பல நாள் ஆனதுபோல் இருந்தது.

அவள் வரிசையைப் பார்த்தாள். யாரோ மருந்து இல்லையென்று திரும்பிப் போக, டிரைவர் எட்டாவது வட்டத்துக்கு நகர்ந்தான்.

"பெருசா ஒண்ணுமில்ல அண்ணி. மருந்து எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"