கூட்டணி மாறிய வருடத்தில் ஒரு டிராக்டர் இருக்கை

1

இந்தக் கதை எனக்குச் சலவை அறையில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லையென்றால் ஏதோ என் கற்பனை என்று நீங்கள் பாராட்டிவைப்பீர்கள். அமெரிக்காவின் மொன்டானாவில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடும் லார்ஸ்பர்க் கல்லூரி ஃபுட்பால் அணியின் சலவை அறை. தொண்ணூறு பையன்களின் சேற்றுச் சட்டைகள் இயந்திரத்துக்குள் உருண்டுகொண்டிருந்தன. வெண்டல் ஓஸ்ட்பி துண்டு மடித்துக்கொண்டே சொன்னார். ஹெல்மெட்டிலிருந்து காலுறை வரை அணியின் சாமான் அத்தனையும் முப்பத்தோரு வருடமாக அவர் பொறுப்பு. நான் அதே கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு சொல்லித்தருகிறேன்.

"எழுதிக்க, வாத்தியாரே. ஆனா என்னைப் பெரிய மனுஷனா ஆக்கிடாத. ஊரையே ஏமாத்தினவன் நான்."

தொடக்கத்துக்கு மூன்று தடவை முட்டிமோதினேன்.

[மொன்டானாவின் எல்லையற்ற வானத்தின் கீழே—] வேண்டாம். இங்கிருந்து எழுதுகிற எல்லோரும் வானத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். வானம் எங்கேயும் ஓடிப்போகாது.

[கல்லூரி ஃபுட்பால் என்னும் மாபெரும் வணிகத்தில் சிறிய அணிகளின் நிலை—] இது கட்டுரை. பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள்.

[வெண்டல் ஓஸ்ட்பி ஒரு பொய்யின் மேல் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தார்.] இது பிடித்திருக்கிறது, கொஞ்சம் மேதாவித்தனம் தெரிந்தாலும். கிடக்கட்டும், தள்ளிக்கொண்டு போவோம்.

2

அறுபது மைல் தள்ளி கெல்டன் பல்கலைக்கழகம். 1931லிருந்து ஒவ்வொரு நவம்பரும் அவர்களும் நாங்களும் மோதுவோம். ஜெயித்தவர்களுக்குக் கோப்பை கிடையாது. ஒரு பழைய வார்ப்பிரும்பு டிராக்டர் இருக்கை. பூ வேலைப்பாடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், அடிப்பக்கத்தில் வருடமும் ஸ்கோரும் பெயின்டில் எழுதியிருக்கும். ஜெயித்த பையன்கள் ஓடிவந்து அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார்கள். தோற்ற ஊர்க்காரர்கள் மறுநாள் சர்ச்சுக்குக்கூட லேட்டாகத்தான் போவார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஜெயித்தோம். துரு எடுக்கலாம் என்று வெண்டல் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலோரம் வைத்தார். அந்த வார இறுதியில் அவர் மனைவி லோரெய்ன் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார். வேறு மாநிலத்து வண்டியில் வந்த ஒருத்தர் நாலு பூந்தொட்டி வாங்கினார். லோரெய்ன் தாராள மனசுக்காரி. அந்த இரும்பைக் கொசுறாகக் கொடுத்துவிட்டார்.

"துருப்பிடிச்சதை வாசல்ல வச்சா வேற என்ன பண்ணுவாங்க?" என்று இன்றைக்கும் கேட்பார்.

வெண்டல் பண்ணை பண்ணையாக அலைந்து அதே மாதிரி ஒன்றைத் தேடிப்பிடித்தார். உப்பும் வினிகரும் ஊற்றித் துருவேற்றி, எண்பது சொச்சம் வருட ஸ்கோரைத் தன் கையாலேயே எழுதினார். அடுத்த வருடம் நாங்கள் தோற்றோம். அந்தப் போலி கெல்டனுக்குப் போனது, பிறகு வந்தது, திரும்பவும் போனது, திரும்பவும் வந்தது. ஒரு ஈ காக்கைக்கும் தெரியவில்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஸ்கோர்களில் இரண்டு வருடத்துடையது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவராகவே போட்டுக்கொண்டார். இரண்டிலும் நாங்கள்தான் ஜெயித்திருக்கிறோம்.)

3

உங்களுக்குக் கூட்டணி மாற்றத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறீர்கள். நேற்றுவரை ஒரே மேடை, இன்றைக்கு எதிர் மேடை, கேட்டால் கொள்கை என்பார்கள். இங்கே கல்லூரிகள் அதைச் செய்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிகள் பத்து சேர்ந்து ஒரு கூட்டணி, தங்களுக்குள் ஆடிக்கொள்ளும். தொலைக்காட்சிக்காரன் வந்து பெரிய பணப்பையை ஆட்டினால், அதிலே வளர்ந்த ஒன்று கழன்றுகொண்டு இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கும் கூட்டணியில் போய் உட்கார்ந்துவிடும். மிச்சமிருக்கும் சின்ன அணிகள், பெயர்கூடச் சொல்ல வராத ஊர்களைத் தேடிப்பிடித்து ஆட வேண்டும். ரசிகர்கள் கொஞ்சம் கொஞ்சமாக

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியும்.)

போன வருடம் கெல்டன் கழன்றுகொண்டது. எங்கள் ஊரே இழவு வீடானது. பெட்ரோல் பங்கில் நின்று முடிதிருத்தகக்காரர் அழுதார். நவம்பர் ஆட்டம்தான் கடைசி என்றார்கள். கூடவே இன்னொரு அறிவிப்பு: கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பவர்களுக்கே இருக்கை நிரந்தரம். கெல்டன் ஜெயித்தால் புது அரங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள், மியூசியத்து நிபுணர் ஒருத்தர் வந்து அதன் வயதைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்பார்.

வெண்டல் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாங்கள் ஜெயித்தால் இருக்கை அவர் அறையிலேயே கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். தோற்றால் நிபுணர். நிபுணர் வந்தால் வேலை போகும். வேலைகூடப் பரவாயில்லை. ஆறாயிரம் பேர் இருக்கிற ஊரில் ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ அவர் தலைகாட்ட முடியாது.

4

இங்கே எனக்கு வெண்டல் மேல் ஒரு சந்தேகம். முப்பத்தோரு வருடம் அந்த அணியின் வியர்வையைத் துவைத்தவர். கெல்டன் போகிறதே என்று அவருக்குத் துக்கம் இருந்ததா, பயம் மட்டும்தானா? நேராகவே கேட்டேன்.

"ரெண்டும்தான். ஆனா பயம் முன்னாடி நின்னுச்சு. துக்கம் பின்னால வரிசையில நின்னுக்கிட்டு இருந்துச்சு."

ஆட்டத்தன்று பனி கொட்டியது. வண்டி நிறுத்தும் மைதானத்தில் காலையிலேயே அடுப்பு மூட்டி, தொத்திறைச்சி சுட்டு, கறியும் பீன்ஸும் போட்ட சில்லியைக் கிண்டிக்கொண்டு எட்டாயிரம் பேர். வெண்டல் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் ஸ்கோர் இருபதுக்குப் பதினேழு, நாங்கள் பின்னால். சமன் செய்ய, இரண்டு கம்பத்துக்கு நடுவே மூன்று புள்ளிக்கான ஒரு உதை பாக்கி. பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

(உள்ளே போனதாக எழுத என் கை துறுதுறுத்தது. எட்டாயிரம் பேர் சாட்சி இருக்கிறார்கள், என்ன செய்ய?)

வெண்டல் இருக்கையைப் பெஞ்சின் மேல் எடுத்துவைத்து, தன் தூக்குக்கயிற்றைத் தானே நீட்டுகிறவன் மாதிரி நின்றார். கெல்டன் பையன்கள் ஓடிவந்தார்கள், அவரைத் தாண்டி ஓடினார்கள். நடு மைதானத்தில் புதுக் கூட்டணியின் கொடியை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். கொடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பேருந்தில் ஏறினார்கள். போயே போய்விட்டார்கள். இருக்கை பெஞ்சிலேயே பனி மூடிக் கிடந்தது.

வெண்டலுக்கு நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்தே விட்டார். ஒரு நிமிடம் கழித்துத்தான் கோபம் வந்தது.

ஒரு வாரம் போனது. கெல்டனிலிருந்து ஒரு ஃபோன்கூட இல்லை.

"யாரும் கேக்கல இல்ல? அப்புறம் என்ன? விட்டுத் தொலை," என்றார் லோரெய்ன்.

"கேக்கலைங்கறதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு. தொண்ணூறு வருஷம் இதுக்காக அடிச்சுக்கிட்டோம்."

"அது அது இல்லையே, வெண்டல்."

"அது அவங்களுக்குத் தெரியாதே."

இருக்கையை வண்டியில் போட்டுக்கொண்டு கெல்டனுக்குக் கிளம்பினார். பைத்தியக்காரத்தனம்தான். தோற்றவன் கொடுத்தாக வேண்டும் என்பது ஒரு சாமான் அறைக்காரனின் ரத்தத்தில் ஊறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

கெல்டனின் சாமான் அறைக்குப் பொறுப்பு கிளெட்டஸ் ரைமர். வெண்டல் வயதுதான். முப்பது வருடமாக வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் சந்திப்பார்கள், திட்டிக்கொள்வார்கள், பிரிவார்கள். நட்பு என்றால் இருவருக்கும் கோபம் வரும்.

"என்னய்யா இது, தோத்துட்டு வீடு தேடி வந்து குடுக்கற மொத ஆள் நீதான்."

"உங்க பசங்க மறந்துட்டுப் போயிட்டாங்க."

"மறக்கல. அது என்னன்னே அவனுங்களுக்குத் தெரியாது. பாதிப் பேரு இந்த வருஷம்தான் வேற காலேஜ்லேர்ந்து தாவி வந்தவனுங்க."

"மியூசியத்து ஆளு?"

"அவரை யாரு கூப்பிட்டா? கண்ணாடிப் பெட்டியில புதுக் கொடியை வச்சாச்சு. நீயே எடுத்துட்டுப் போ."

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். வெண்டல் வண்டியைத் திருப்பியிருந்தால் போதும், தப்பித்தார். ஆனால் பதினோரு வருடம் மூடியிருந்த வாய், நிம்மதி வந்தவுடனே திறந்துகொண்டது.

"கிளெட்டஸ், இது அது இல்ல."

கிளெட்டஸ் இடது கையை நீட்டினார். மோதிர விரலில் ஒரு பழைய தழும்பு. "தொண்ணூத்தெட்டுல பழைய இருக்கையோட நடு ஓட்டையில விரலை விட்டு மாட்டிக்கிட்டேன். எண்ணெய் தடவி, சோப்பு போட்டு, கடைசியில தோலோடதான் வந்துச்சு. அந்த ஓட்டையை எனக்குத் தெரியாதா? பத்து வருஷம் முன்னாடி நீ கொண்டுவந்து குடுத்தியே, அதுல என் சுண்டுவிரலே போகல."

வெண்டல் அந்த விரலையே பார்த்தார். "ஏன்யா சொல்லல?"

"சொன்னா கமிட்டி போடுவானுங்க. உன்னைத் தூக்குவானுங்க. உன் எடத்துல கம்ப்யூட்டரும் கையுமா ஒரு சின்னப் பய வருவான். அவனை நான் எப்படித் திட்டறது?" கிளெட்டஸ் ஹெல்மெட் பெட்டி ஒன்றை உதைத்து நகர்த்தினார். "தவிர, நீங்க ஆடற ஆட்டத்துக்கு டூப்ளிகேட்டே அதிகம்."

இந்தக் கிளெட்டஸை நான் முதலில் நம்பவில்லை. இவ்வளவு நல்லவனைக் கதையில் விட்டால் வாசகர் என் சட்டையைப் பிடிப்பார் என்று வெண்டலிடமே சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தையும் வெண்டல் சொன்ன பிறகுதான் கிளெட்டஸ் உண்மையான ஆள் என்று தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் வெண்டல் சிரித்துக்கொண்டே ஓட்டினாராம். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி அழவும் செய்தாராம். துக்கத்தின் முறை அப்போதுதான் வந்தது.

6

முடிவுகள்.

[அ. அடுத்த சீசனில் ஊரே திரண்டு வந்து அரங்கத்தை நிரப்பியது.] பொய்.

[ஆ. கல்லூரி நிர்வாகம் ஃபுட்பாலை இழுத்து மூடியது.] வசந்தத்தில் அப்படி ஒரு பேச்சு நடந்தது உண்மை. கட்டுரைக்கு இது அருமையான முடிவு. ஆனால் நடக்கவில்லை.

நடந்தது இது. செப்டம்பரில் முதல் ஆட்டம். எதிரணி நாலு மாநிலம் தாண்டி வந்தது, மைக்கில் அறிவித்தவரே அதன் பெயரை இரண்டு விதமாகச் சொன்னார். இரண்டாயிரத்து எழுநூறு பேர். வண்டி மைதானத்தில் பாதி இடம் காலி, அடுப்புகள் ஒன்றுக்கொன்று தூரம் தூரமாக எரிந்தன. வெண்டல் தண்ணீர் பாட்டில்களை அடுக்குகிற சாக்கில் அடிக்கடி திரும்பிக் காலி வரிசைகளையே பார்த்தார்.

இரண்டாம் பகுதியில் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் பச்சைத் தொப்பிகள் வந்து உட்கார்ந்தன. கெல்டன்காரர்கள், ஒரு நாற்பது பேர் இருக்கும். புதுக் கூட்டணியில் தொலைக்காட்சிக்கு வசதி என்று அவர்கள் ஆட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை என்ன செய்வது என்று தெரியாமல் அறுபது மைல் ஓட்டிவந்திருக்கிறார்கள். முன் வரிசையில் கிளெட்டஸ். எங்கள் பையன் பந்தை நழுவவிட்டதும் எழுந்து நின்றார்.

"டேய் லார்ஸ்பர்க்கு, உங்களுக்கெல்லாம் ஹெல்மெட் எதுக்குடா? உள்ள காப்பாத்த என்ன இருக்கு?"

எங்கள் ஆட்கள் இரண்டு வரிசை தள்ளி எழுந்து பதிலுக்குக் கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்க ஒரே கூச்சல். மைதானத்தில் யார் ஆடுகிறார்கள் என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

"வாத்தியாரே," என்றார் வெண்டல் சலவை அறையில், "முப்பது வருஷமா அந்தக் குரலைக் கேட்டா வயித்தைக் கலக்கும். அன்னைக்குப் பசிச்சுது. ஆட்டத்துக்கு நடுவுல ரெண்டு தொத்திறைச்சி தின்னேன்."

யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. நான் முடிக்கவேண்டிய இடம் வேறு. தொத்திறைச்சியை மென்றபடியே வெண்டல் திரும்பி, கிளெட்டஸைப் பார்த்து ஒன்று சொன்னார். நாற்பது பச்சைத் தொப்பியும் ஒரு நொடி வாயடைத்தன. பிறகு முதலில் சிரித்தது கிளெட்டஸ்தான். அது என்ன என்று வெண்டல் என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார், எழுதினால் நாறும் என்கிறார். உங்களுக்கும் பக்கத்து ஊரில் ஒருத்தன் இருப்பான். போனவன் திரும்பி வந்து உங்களைத் திட்டுகிறான், உங்களுக்கு உயிர் வந்துவிடுகிறது. அவனிடம் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

[                                        ]