கடலுக்கு ஒரு கதவு

கடலின் பேரில் நாற்பத்தோரு நாடுகள் வழக்குப் போட்டிருந்தன. அந்த வழக்கின் சம்மன் ஒரு செவ்வாய்க்கிழமை கீழத்துறை முன்சீப் கோர்ட்டுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. பிரதிவாதியின் கடைசியாக அறியப்பட்ட முகவரி என்று உறையின் மேல் எழுதியிருந்தது சந்தியாகப்பர் தெரு, கிழக்குக் கோடி. அது கோர்ட்டு அமீனா தனிஸ்லாஸ் வீட்டு வாசல் என்பதால் சம்மனைக் கொடுத்துவிட்டு வரும் வேலையும் அவருக்கே விழுந்தது.

குற்றச்சாட்டு, அத்துமீறி நுழைதல். இந்த வழக்குக்கென்றே நாடுகளெல்லாம் கூடி ஒரு தீர்ப்பாயம் ஏற்படுத்தியிருந்தன. அது கடலிலிருந்து நல்ல உயரத்தில், குளிரான ஓர் ஊரில் இருந்தது. உலகத்தில் கடல் ஒன்றுதான் என்பதால் ஓரிடத்தில் கொடுத்தால் எல்லா இடத்திலும் கொடுத்த மாதிரி. வடக்கே ஒரு நாட்டில் ஏற்கெனவே முயன்று பார்த்தார்களாம். அங்கே கடல் உறைந்து கிடந்ததால், தூங்குகிறவருக்குச் சம்மன் கொடுப்பது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் சம்மன் போய்ச் சேர்ந்தால் கடல் நின்ற இடத்திலேயே நிற்க ஸ்டே கிடைக்கும், சேராவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகும், கடல் தன் போக்கில் வரலாம் என்று உள்ளே இருந்த கடிதம் சொன்னது.

தனிஸ்லாஸ் முப்பத்தொரு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கோர்ட்டு நோட்டீஸ் கொடுப்பவர். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லிச் சொல்லியே ஊர் அவரை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஆள் இல்லை என்று அந்த ஆளே சொல்வான். கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள், தாகத்துக்குத் தண்ணீர் தர மாட்டார்கள். எந்த வீட்டுத் தாழ்ப்பாள் எப்படிச் சத்தம் போடும் என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம்.

அவரை உள்ளே விட்ட ஒரே வீடு அவருடைய வீடுதான். அதிலும் இப்போது மனைவி பிரகாசி இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இருபத்தாறு வருஷம் அவள் வாசற்படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டே கடலைத் திட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் போ, அங்கனயே நில்லு, கண்ணு தெரியலையா உனக்கு என்று திட்டுவாள். கடலும் எதிரே இருந்த பதினேழு வீடுகளை எடுத்துக்கொண்டதே தவிர அந்தப் படியில் ஏறவில்லை. ஏழு மாதம் முன்னால் ஒருநாள் பிரகாசி காய்ச்சலில் படுத்திருந்தபோது அது அடுக்களை வரை வந்து சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாளே அவள் மதுரையிலிருக்கும் தங்கை லூர்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அது ஒரு எடத்துல நிக்கட்டும், நான் வந்துருதேன்."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் போன் செய்வாள். கதவைச் சாத்தினீர்களா என்று கேட்பாள். சாத்தியாச்சு என்பார் இவர். போனை வைத்துவிடுவாள். வேறு பேச்சு இருவருக்கும் வராது. அந்த ஒரு கேள்விக்காகத் தனிஸ்லாஸ் பகல் முழுவதும் காத்திருப்பார்.

ஆகவே இந்தச் சம்மன் கைக்கு வந்தபோது அவருக்கு மனசு லேசாகிவிட்டது. கடல் நின்றால் பிரகாசி வருவாள். கடலை நிறுத்தும் காகிதம் அவர் பையிலேயே இருந்தது.

முதல் நாள் போனபோது வற்று நேரம், கடல் தள்ளிப் போயிருந்தது. "பிரதிவாதி முகவரியில் இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பினார். இரண்டாம் நாள் கடல் இருந்தது. சம்மனை வாங்கிக்கொண்டது, சற்றுநேரம் வைத்திருந்தது, கையெழுத்துப் போடாமல் கரையிலேயே எறிந்துவிட்டது. "வாங்க மறுத்தார்" என்று எழுதி, காகிதத்தைக் கொடியில் காயப்போட்டு, தீர்ப்பாயத்துக்கு விவரம் அனுப்பினார். அப்படியானால் பிரதிவாதி குடியிருக்கும் வீட்டின் வெளிக்கதவில் இரண்டு சாட்சிகள் முன்னால் ஒட்டிவிடும்படி பதில் வந்தது. கதவு இல்லாத பட்சத்தில் ஒன்று ஏற்பாடு செய்துகொள்ளவும் என்று அடியில் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

தேதி இருபத்தேழு ஆகிவிட்டிருந்தது. தனிஸ்லாஸ் தன் வீட்டு வாசற்கதவை நிலையோடு பெயர்த்து, முதுகில் சுமந்து போய்க் கடலோரம் மணலில் நட்டார். வாகைப் பலகைக் கதவு. அதன் உள்பக்கத் தாழ்ப்பாள் கொஞ்சம் பிடிக்கும். சற்றுத் தூக்கிப் பிடித்து இழுத்தால்தான் விழும், விழும்போது இரண்டு தடவை சத்தம் வரும். அந்தப் பக்குவம் பிரகாசிக்குத்தான் தெரியும், அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. உள்பக்கம் கடலுக்கும் வெளிப்பக்கம் தெருவுக்குமாக அதை நிறுத்தினார். தன் வீட்டு வாசலில் ஒரு போர்வையைக் கட்டினார்.

சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவில் மிச்சமிருந்தது பக்கத்து வீட்டுச் சலேத்தம்மாள் மட்டும். அவளும் சாமான்களை ஏற்ற ஒரு லாரி வரவழைத்திருந்தாள். அவளையும் லாரி டிரைவரையும் நிற்க வைத்து, பசை தடவிச் சம்மனை ஒட்டி, மூன்று தடவை கதவைத் தட்டி, மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து காகிதத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டது. அதைக் கைநாட்டு என்று மூவரும் ஏற்றுக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் பிரகாசி கேட்டபோது கடற்கரைவரை நடந்து போய்ச் சாத்திவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.

ஸ்டே அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அமலுக்கு வந்தது. தனிஸ்லாஸ் அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். பின்னால் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தார். கடைசி அலை இடுப்பளவு உயரத்தில், நுரையை மேலே தூக்கியபடி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. இந்தப் பக்கம் மணலில் ஓர் ஆமை மட்டும் தெருவை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அவர் நடுவழியில் நின்று பிரகாசிக்குப் போன் செய்தார். சாயங்காலம் அல்லாத நேரத்தில் அவர் போன் செய்வது அதுவே முதல் தடவை. பையை எடுத்து வைக்கிறேன் என்று அவள் சொன்னாள்.

ஆனால் பிரகாசியால் லூர்து வீட்டுப் படி இறங்க முடியவில்லை. எழுந்தால் உட்கார்ந்துவிடுகிறாள் என்று லூர்து சொன்னாள். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான். தனிஸ்லாஸ் உத்தரவை எடுத்துக்கொண்டு கோர்ட்டு அலுவலகத் தலைவரான சிரஸ்தார் பூரணலிங்கத்திடம் போனார். பூரணலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது பத்தியைப் படித்தார்.

"கடலுக்கு மட்டும்னு போடலவே. பிரதிவாதியும் அதை ஒட்டிக் குடியிருப்போரும் இருக்கிற நிலையிலேயே இருக்கணும்னு போட்டிருக்கு. உம்ம வீட்டம்மாவுக்கும் விலாசம் அந்தத் தெருதானவே, பத்து நாப்பதுக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

"மதுரையில உக்காந்திருந்தா."

"அப்ப உக்காந்திருக்கணும்."

தனிஸ்லாஸ் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்ததால் அவர் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் நடக்கலாம். மணலில் நட்ட கதவும் வீட்டில் சேர்த்திதான், மதுரைக்குத்தான் போக முடியாது. சலேத்தம்மாள் அந்த நேரத்தில் கடைசி நடைச் சாமான்களோடு லாரியில் போய்க்கொண்டிருந்ததால் போய்க்கொண்டே இருந்தாள். அவ்வப்போது ஏதாவது ஓர் ஊரிலிருந்து போன் செய்து, இன்னும் வந்து சேரவில்லை என்றும் டிரைவர் நல்ல பையன் என்றும் சொன்னாள். வழக்குப் போட்ட நாற்பத்தோரு நாடுகளும் அன்று மதியத்துக்குள் விலக்கு வாங்கிவிட்டிருந்தன. அவற்றின் புகைபோக்கிகள் புகைந்தன. அவற்றின் கப்பல்கள் நின்றிருந்த கடலில் வழக்கம்போலப் போய்வந்தன, அவை போன தடம் மட்டும் மூடாமல் பள்ளமாக நின்றது.

விலக்கு கேட்டு மனுப் போடும் உரிமை நாடுகளுக்கு மட்டுமே உண்டு என்று பூரணலிங்கம் விதியைக் காட்டினார். தனிஸ்லாஸ் அந்தப் படிவத்தையே வாங்கிப் பூர்த்தி செய்தார். மக்கள்தொகை என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினார். நிலப்பரப்பு, இரண்டு அறையும் அடுக்களையும். எல்லை, கிழக்கே போர்வை. கோரிக்கை என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து, என் பெண்சாதி வீட்டுக்கு வர வேண்டும் என்று எழுதினார்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. தங்கள் நாட்டின் நிலை குறித்துத் தீர்ப்பாயம் ஆழ்ந்த கவலை தெரிவித்துக்கொள்கிறது என்று ஒரே வரி, கீழே பதினைந்து நீதிபதிகளின் கையெழுத்து. முப்பத்தொரு வருஷத்தில் அவரை நினைத்துக் கவலைப்பட்டதாக யாரும் எழுதியதில்லை. தனிஸ்லாஸ் அதை நாலைந்து தடவை படித்தார், அழுகை வந்தது. பிறகு பிரகாசி பை மாட்டும் ஆணியில் அதைக் குத்தி வைத்தார்.

தெருவில் இப்போது அவர் ஒருவர்தான். அலைச் சத்தம் இல்லாததால் தன் செருப்புச் சத்தம் கேட்டுத் தானே திரும்பிப் பார்ப்பார். கதவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரவும் வழியில்லை, அதுவும் இருக்கிற நிலையில் சேர்த்தி. ஒவ்வொரு சாயங்காலமும் மணலில் நடந்து போய், நின்றிருக்கும் அலைக்கு முன்னால் கதவைச் சாத்தி நாதாங்கி போட்டுவிட்டு வந்தார். காலையில் போனால் அது திறந்திருக்கும்.

மூன்றாம் மாதம் அந்த ஆமை வந்து சேர்ந்தது. பத்து நாற்பதுக்கு நடந்துகொண்டிருந்ததால் அதற்கும் நடக்க அனுமதி இருந்தது. கதவிலிருந்து வீட்டுக்கு முந்நூறு தப்படி, அதன் நடைக்கு அவ்வளவு நாள் ஆகியிருந்தது. போர்வையைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றது. முதுகில் ஓலைப்பாயில் சுற்றிய ஒரு காகிதம் கட்டியிருந்தது. இதுதான் கடலின் அமீனா என்று தனிஸ்லாஸ் புரிந்துகொண்டார். அதை உட்காரச் சொன்னார். ஒரு வட்டகையில் தண்ணீர் வைத்தார். குடித்து முடிக்கும்வரை காகிதத்தைக் கேட்கவில்லை. எத்தனையோ வாசலில் தனக்கு நடக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதெல்லாம் அந்த அளவுதான்.

காகிதம் கடலின் பதில் மனு. வழக்கை நடத்தத் தனக்குச் சம்மதம் என்று கடல் எழுதியிருந்தது. நாற்பத்தோரு நாடுகள் சொல்லும் எதையும் இப்போது மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ இல்லை. தன் பக்கம் ஒரே ஒரு சாட்சி உண்டு, தான் எங்கே நின்றது, எப்போது ஏறியது, ஏன் ஏறியது என்பதை இருபத்தாறு வருஷம் அருகிலிருந்து பார்த்துச் சொல்லித் திருத்தியவர் அவர். அந்தச் சாட்சி வரும்வரை வாய்தா வேண்டும். சாட்சியின் பெயர் பிரகாசி, கணவர் பெயர் தனிஸ்லாஸ், சந்தியாகப்பர் தெரு, கீழத்துறை.

தனிஸ்லாஸ் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆமை திரும்பி நடக்கத் தொடங்கியது.

தீர்ப்பாயம் வாய்தா கொடுத்தது. பிரகாசிக்குச் சாட்சி சம்மனும் அனுப்பியது. சம்மன் வாங்கினால் உட்கார்ந்திருப்பவள் எழுந்து வரலாம் என்று உத்தரவிலேயே வழி இருந்தது. மதுரைக் கோர்ட்டு அமீனா ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய் லூர்து வீட்டுக் கதவைத் தட்டினார். லூர்து ஜன்னல் வழியாக அமீனாவைப் பார்த்தாள். எல்லாரும் சொல்வதையே அவளும் சொன்னாள். பிரகாசின்னு இங்க யாரும் இல்ல என்றாள். அமீனா "ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் காகிதம் பூரணலிங்கத்தின் மேஜைக்கு வந்தபோது தனிஸ்லாசும் பக்கத்தில் நின்றார். முறைப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சாட்சிக்கு இன்னொரு முறை அனுப்ப விதியில் இடமில்லை. இனிச் சாட்சி கிடைக்கும்வரை வாய்தா, வாய்தா முடியும்வரை ஸ்டே.

அன்று கோயில் மணி அடித்தது. தனிஸ்லாஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டே மணலில் நடந்தார். கதவை அடைவதற்குள் போன் அடித்தது.

"கதவச் சாத்துனீங்களா?"

"இந்தா, சாத்துதேன்."

வெளிப்பக்கம் இழுத்து நாதாங்கியைப் போட்டார். போனை அணைக்காமல் சற்று நின்றார். அலை நின்றிருந்த அந்தப் பக்கம் யாரோ, பிரகாசியின் பக்குவத்திலேயே, தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கிப் பிடித்து இழுத்தார்கள். அது பிடிக்காமல், இரண்டு சத்தமாக விழுந்தது.

பிரகாசிக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"ரெண்டு பக்கமும் சாத்தியாச்சு" என்றார் தனிஸ்லாஸ்.

"சரி" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.