அவர் தூங்கிய பக்கம்

மெக்கானிக் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு தரையைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் பஸ்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மனுஷன். கும்மிருட்டிலும் கைக்குச் சிக்காத நட்டு கிடையாது என்று பணிமனையில் பேர் வாங்கியவர். இன்றைக்கு ஒரு மூக்குக்கண்ணாடி சிக்கவில்லை. அகப்பட்டது ஒரு துண்டுப் பென்சில்தான். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் துழாவினார்.

"தம்பி, வெளிய வாங்க. பதினோரு மணிக்கு வண்டி வந்துரும். சட்டையெல்லாம் தூசி பாருங்க" என்றாள் மூத்தவள், வாசற்படியில் நின்றபடி. செத்துப்போன மனைவிக்கு உடன்பிறந்த அக்கா. அடுத்த தெருக்காரி. நேற்றிலிருந்து இந்த வீட்டை அவள்தான் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியலக்கா."

"அழுத கண்ணுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும்."

அவர் இன்னும் அழவில்லை.

முன்னறையில் மனைவி படுத்திருந்தாள். சுற்றிலும் நாற்காலிகள். வருகிறவர்களின் முகங்கள் அவருக்குத் தண்ணீர் ஊற்றி அழித்த மாதிரி தெரிந்தன. மனைவியின் முகமும் அப்படித்தான். நேற்று மூன்றரை மணியிலிருந்து அவளுடைய முகத்தை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை.

"கடைசியா என்ன சொன்னா?" என்று நேற்று மூத்தவள் கேட்டபோது, "நான் படிச்சுக்கிட்டிருந்தேன், கேட்டுக்கிட்டே போயிட்டா" என்று சொல்லிவிட்டார். வாயில் வந்தது அது. மூத்தவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "புருஷன் பக்கத்துல உக்காந்து கதை படிக்கறான், இவ கேட்டுக்கிட்டே கண்ணை மூடியிருக்கா. யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு?" என்று ஆளுக்கு ஆள் கொஞ்சம் மெருகேற்றினாள். ஏழாவது தடவை அவள் சொன்னபோது மெக்கானிக் நாற்காலிக்குள்ளேயே சுருங்கிப்போனார்.

ஏனென்றால் அது பொய். அவர் தூங்கிவிட்டார். படித்துக்கொண்டிருந்தவர் எந்த வரியில் தூங்கினாரோ தெரியாது. விழித்தபோது ஜன்னல் வெயில் இறங்கிக் கட்டில் கால்வரைக்கும் வந்திருந்தது. அவள் கை இவர் முழங்கால்மேல் கிடந்தது. சில்லென்றிருந்தது.

கூப்பிட்டிருப்பாளோ? 'என்னங்க' என்று ஒரு தரமாவது? மூச்சு முட்டித் தண்ணீர் கேட்டிருப்பாளோ? இதுதான் நேற்றிலிருந்து அவரை உள்ளே உட்கார்ந்து அரம் போட்டு ராவிக்கொண்டிருந்தது.

இதிலே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். இவர் தூங்குவதுதான் இருபத்தெட்டு வருஷமாக அவளுக்கு வேலைக்கு உதவிய விஷயம்.

அவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு அலமாரி உண்டு. அது அவள் பொறுப்பு. அவள் வந்த புதிதில் அதில் நிறைய நல்ல புத்தகங்கள் இருந்தன. நல்ல புத்தகங்கள் என்றால், பெரியவர்கள் பார்த்துப் பார்த்து அடுக்கியவை. எழுந்து பல் தேய்க்கச் சொல்லும், பொய் சொல்லாதே என்று சொல்லும். பிள்ளைகள் அந்த அலமாரியைக் கண்டால் ஊசி போடுகிற அறையைப் பார்த்த மாதிரி ஒதுங்கிப் போவார்கள். அவள் மூன்று புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து புருஷனிடம் கொடுத்தாள். எட்டாவதோடு நிறுத்தியவர் அவர். ஆறாம் பக்கத்தில் குறட்டை.

"பதினாலு வயசுக்கு என்ன பொறுமை உண்டோ அதேதான் உங்களுக்கும்" என்றாள் அவள் மறுநாள், சந்தோஷமாக. "இனிமே நீங்கதான் எனக்கு எடைக்கல்லு."

கொண்டையில் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, பின்னட்டையின் உள்பக்கம் '6' என்று எழுதினாள். அன்றிலிருந்து அந்த அலமாரிக்கு வரும் எந்தப் புத்தகமும் இவர் கையைத் தாண்டித்தான் போகும். தூங்கிய பக்கம் பின்னால் ஏறும். தூங்காத புத்தகத்துக்கு ஒரு கோடு. பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "இது என்ன நம்பரு லைப்ரரியம்மா?" "எங்க வீட்டுக்காரர் தூங்கின பக்கம்." அப்புறம் அலமாரியில் கூட்டம் தாங்கவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் தூக்கம் வராத ஒருத்தன் ஆறாம் நம்பரைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மெக்கானிக் தெருவில் நடந்தால் "தூக்க மாமா போறாரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்கும். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் அவள் நியாயக்காரி. புத்தகத்துக்கு அநியாயம் செய்யமாட்டாள். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து இவர் தூங்கினால், '34. ஆள் களைப்பு. இது கணக்கில்லை' என்று எழுதுவாள். காய்ச்சல் வந்தால், 'காய்ச்சல்' என்று எழுதுவாள்.

இன்னொரு பழக்கம். இவர் கண்ணாடியோடு தூங்கிப்போவார். அவள் அதை மெல்லக் கழற்றித் தன் தலையணை உறைக்குள் தள்ளி வைப்பாள், இவர் புரண்டு நசுக்கிவிடாமல். காலையில் விழித்ததும் இவர் கை நேராக அவள் தலையணைக்குத்தான் போகும்.

இன்றைக்கு வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது. அலமாரி, சமையல் மேடை, குளியலறை, கட்டிலுக்கு அடி. அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் தேடவில்லை. நேற்று சாயங்காலம் மூத்தவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனதைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அதற்குள் கண்ணாடி இல்லையென்றால், இவர் தூங்கியதைக்கூட அவள் பார்க்கவில்லை, அதற்கு முன்பே போய்விட்டாள் என்று ஆகும். இருந்தாலோ, அவள் விழித்திருந்திருக்கிறாள். இவர் பக்கத்தில் மரக்கட்டை மாதிரி கிடக்க, தனியாகப் போராடியிருக்கிறாள். எது தேவலை? அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

நேற்று படித்தது ஒரு லாரிக் கதை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, அப்பா படுத்த படுக்கையாய்க் கிடக்க, அவருடைய லாரியை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறாள். டாக்டர்கள் கைவிட்டு, "வீட்டுலயே வச்சுப் பார்த்துக்குங்க" என்று அனுப்பிய பிறகும் மனைவி விடாமல் இதைப் படிக்கச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை இதுக்காக லைப்ரரிக்கு ஒரு பொண்ணு வருவா. வாக்குக் கொடுத்திருக்கேன்."

இவர் பாதியிலேயே நிறுத்திச் சண்டைக்குப் போனார். "கிளட்ச் போன வண்டி இந்த மேட்டுல எப்படி ஏறும்? எழுதினவன் ஒரு நாளாவது வண்டிக்கு அடியில படுத்திருப்பானா?"

மூன்று தலையணையில் சாய்ந்திருந்தவள் மூச்சு வாங்கியபடி சிரித்தாள். "வண்டியை விடுங்க. பொண்ணு ஏறுவாளா?"

"அது... தெரியல. படிச்சாத்தான் தெரியும்."

"அப்பப் படிங்க. எச்சி தொட்டுப் புரட்டாதீங்க, லைப்ரரிப் புத்தகம்."

எச்சில் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படித்தார். அதற்கப்புறம்தான் தூங்கினார்.

வாசலில் ஏதோ சலசலப்புக் கேட்டது.

"யாரும்மா நீ? லைப்ரரி இன்னிக்குக் கிடையாது" என்று மூத்தவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா. பூட்டியிருந்துச்சு. அங்க சொன்னாங்க. சும்மா... பார்க்கத்தான் வந்தேன்." பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண். குரலை வைத்தே மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது. 'மூணு பக்கம்' என்று மனைவி பேர் வைத்திருந்தாளே, அவள். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் மூன்றே பக்கம் படித்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு வருஷமாக இவளுக்கு ஒரு புத்தகம் தேடிக்கொண்டிருந்தாள் மனைவி. பெண் பார்க்கிற இடத்தில்கூட அவ்வளவு சலித்துச் சலித்துத் தேட மாட்டார்கள்.

"உள்ள வாம்மா" என்றார்.

அவள் வந்து லைப்ரரியம்மாவின் கால்மாட்டில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு அவரிடம் வந்து, "தூக்க மா... மாமா, நான் வர்றேன்" என்றாள் நாக்கைக் கடித்துக்கொண்டு.

அவருக்கு நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "இரு. உனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தா." உள்ளறை ஜன்னல் மேடையிலிருந்து லாரிக் கதையைத் தடவி எடுத்துவந்து கொடுத்தார். நேற்று அது கட்டிலில் மனைவியின் இடுப்போரம் மூடிக் கிடந்தது. தன் கையிலிருந்து நழுவியிருக்கும் என்று நினைத்து எடுத்து ஓரமாக வைத்ததோடு சரி.

அந்தப் பெண் வாங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் செய்வதைத்தான் செய்தாள். முதல் பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னட்டையைத் திறந்தாள்.

"நம்பர் இன்னும் போடலம்மா" என்றார் மெக்கானிக்.

"போட்டிருக்கே, மாமா."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என்ன போட்டிருக்கு?"

"நூத்தி நாப்பத்தொண்ணு." அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். "கீழ ஏதோ எழுதியிருக்கு. எழுத்து கோணலா இறங்கி இறங்கிப் போகுது. படிக்கட்டா?"

மூத்தவள் டீக் குவளைத் தட்டோடு பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

"படி."

அவள் எழுத்துக் கூட்டுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "'இது கணக்கில்லை. மூன்று நாளாய்க் கண் மூடாத மனுஷன். நான்தான் எழுப்பவில்லை.'"

முன்னறையில் யாரோ இருமினார்கள்.

ஏழு பேரிடம் சொன்ன கதை மூத்தவளின் கையில் குவளையோடு குவளையாக நின்றது. இப்போது கேட்பாள், கேட்கட்டும் என்று மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். தப்பாகப் பூட்டியிருந்த சட்டைப் பித்தான்கள் மங்கலாகத் தெரிந்தன. பையில் துண்டுப் பென்சில் கிடந்தது.

மூத்தவள் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அவ தலையணை எங்கக்கா?" என்றார் அவர்.

"மாடியில வெயில்ல போட்டிருக்கேன். இருங்க" என்றாள். படியேறும்போது முந்தானையை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். இறங்கி வந்து தலையணையை அவர் மடியில் வைத்தாள். வெயில் சூடு ஏறியிருந்தது. அவர் உறைக்குள் கையை விட்டார். கை நேராகப் போய் நின்ற இடத்தில் கண்ணாடி இருந்தது. இரண்டு காதுக்கம்பியும் ஒழுங்காக மடக்கியிருந்தது.

போட்டுக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் கண்ணாடி மறுபடியும் மங்கியது. கழற்றித் துடைத்தார். திரும்பவும் மங்கியது. மூத்தவள் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, அவர் சட்டைப் பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டாள்.

"நான் அப்புறமா வாங்கிக்கறேன், மாமா" என்று அந்தப் பெண் புத்தகத்தை நீட்டினாள்.

"ஆமா. இன்னும் முடிக்கல" என்றார். "முடிக்காம எப்படிக் குடுக்கறது? அவ ஒத்துக்கமாட்டா."

நாற்காலியை மனைவியின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். நூற்று நாற்பத்தொன்றைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். லாரி மலைமேட்டில் பாதியில் நிற்கிறது. மழை. அந்தப் பெண் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் தேடுகிறாள்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் இதென்ன என்று கேட்க வாயெடுத்த ஒருவர், மூத்தவளின் பார்வையைப் பார்த்துவிட்டு டீயை எடுத்துக் குடித்தார். 'மூணு பக்கம்' பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நூற்று நாற்பத்துநாலு தாண்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. டிரைவர் உள்ளே தலையை நீட்டி, "எடுக்கலாங்களா?" என்றார்.

"கொஞ்சம் இருப்பா" என்றாள் மூத்தவள். "லாரி இன்னும் மேட்டுலதான் நிக்குது."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றார்.

மெக்கானிக் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார். வழக்கம்போல வலதுகைக் கட்டைவிரல் நாக்குக்குப் போனது. போனதை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை மனைவியைப் பார்த்தார். பிறகு விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, காய்ந்த விரலால், மெதுவாகப் பக்கத்தைப் புரட்டினார்.