மரக்கிண்ணத்தில் வந்த பனி

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், வேலுமணி வீட்டுப் பேக்யார்டில் மட்டும் பனி பெய்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வழக்கமான வெயில்தான்.

பனி வந்தது ஒரு மரக்கிண்ணத்திலிருந்து. திபெத் எல்லைக்கு முந்தைய கடைசி மலை ஊரிலிருந்து வேலுமணியின் மனைவி சாந்தாமணி அதைக் கொண்டுவந்திருந்தாள். இருவருமாகப் போவதாகத்தான் பேச்சு. வருஷா வருஷம் அவருடைய ஆபீசில் ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் குறுக்கே வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள் தனியாகக் கிளம்பிவிட்டாள். "டெல்லி ஏர்போர்ட்டத் தாண்ட மாட்டா, பாருங்க" என்று அவர் மில்பிடாஸ் நண்பர்களிடம் சிரித்தார். அவள் தாண்டினாள். ஜீப்பிலும், பாதை சரிந்திருந்த இடத்தில் நடந்துமாக, கூரைகளில் ஆப்ரிகாட் காயும் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே கடை இல்லை, ஹோட்டல் இல்லை; நாய்கூட யோசித்துத்தான் குரைத்தது. டோல்மா என்றொருத்தி அவளைத் தன் வீட்டில் தங்கவைத்தாள். பொதுவாய் ஒரு வார்த்தை இல்லாமலே இருவரும் நாள் முழுக்கப் பேசினார்கள். சாந்தாமணி அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிப் போட்டாள். புறப்படும்போது டோல்மா தன் கிண்ணத்தை மூடி, துணியில் கட்டிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் திற என்று சைகை காட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை விருந்தாளிகள் நடுவில் வேலுமணிதான் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"ஏஞ்சாந்தா, டெல்லிக் கடையில வாங்குனயா? அவிங்களும் வெறுங்கிண்ணத்தக் குடுத்துப்போட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் போய்வந்த தூரமெல்லாம் அந்தச் சிரிப்பில் பொய்யாகிக்கொண்டிருந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராத கோபிச்செட்டிபாளையத்துக்காரி அவள்.

"வெறும் ஏனம் குடுக்கற மனுசி இல்லீங்க அவங்க. செத்த பொறுங்க."

முதலில் ஃப்ரீவே இரைச்சல் நின்றது. பிறகு பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷின். அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது. அப்புறம் பனி இறங்கி, குமாரசாமி அங்கிளின் பேப்பர் தட்டில் வடையை மூடியது. "அம்மா, யூ ரியலி வென்ட்!" என்று மகள் கயல் கத்தினாள்.

வேலுமணி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார். "என்ற சம்சாரம் தனியாப் போய்க் கொண்டாந்ததுங்க" என்றார். அதன்பின் மௌரி அவென்யூ மளிகைக்கடையில் பில் போடும் பெண்வரை அதையே சொன்னார்.

பனி கரைந்ததும் கிண்ணத்தைத் திருப்பித் தரும் கவலை வந்தது.

"என்ன வெச்சுக் குடுக்கறது, சாந்தா?"

"பனிகாலம் வந்தா அங்க வெயிலே அத்துப்போகுதுங்க."

கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் உச்சிவேளையில் கிண்ணத்தைத் திறந்துவைத்தாள். வெயில் நிரம்பியதும் மூடிக் கட்டினாள். அக்டோபரில் இருவரும் போனார்கள். ரிலீஸ் அவரில்லாமலே நடந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில், கிண்ணம் இருந்த இடத்தில் கிண்ணத்தளவு நிழல் இன்னும் இருக்கிறது. எந்த வெயிலிலும் ஜில்லென்று இருப்பதால், மோர்ச்சொம்பை அங்கேதான் வைக்கிறார்கள்.