தந்திக்காரருக்கு நிற்காத பஸ்

போர் தொடங்கிய இரண்டாம் வருடம், எங்கள் ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவருக்குப் படையிலிருந்து அழைப்பு வந்தது. டிப்போவில் பாதி டிரைவர்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். பெண்கள் வந்தால் வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறோம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் ஆளாகப் போய் நின்றவள் அந்த டிரைவரின் மனைவி.

அதைக் கேட்டு அவளுடைய மாமியார் கத்தி வீட்டை இரண்டாக்கிவிட்டாள்.

"என் பிள்ளை உட்கார்ந்த சீட்டுல நீ உட்காரப் போறியா? ஊரே சிரிக்கும்!"

"ஊருக்குச் சிரிக்க எங்க நேரம், அத்தை? பஸ் இல்லாம எல்லாரும் நடந்துக்கிட்டிருக்காங்க."

அடுத்த வாரம் கண்டக்டர் வேலைக்கும் பெண்களைக் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது மாமியார் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, டிக்கெட் பையும் டிப்போ தொப்பியுமாக வீட்டுக்கு வந்தாள். "இவ வண்டியை எங்க கொண்டுபோய் முட்டறாளோ! கூட ஒரு ஆள் வேணாமா?"

நான் ராணுவச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் ஆலையில் வேலை பார்த்தேன். தினமும் இருவேளையும் அந்த பஸ்தான். டிரைவர் அறை தனி. நடுவில் கண்ணாடித் தடுப்பு. கண்டக்டர் ஒருமுறை மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். மாமியார் அதோடு விடவில்லை. மூன்று அடித்தால் மெதுவாகப் போ. நான்கு அடித்தால் அந்தப் பள்ளத்தில் வேண்டுமென்றேதானே விட்டாய் என்று அர்த்தம். மருமகள் ஹாரனால் பதில் சொல்வாள். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத இருவரும் ரூட் முழுக்க இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். எங்களுக்குப் பொழுது போவதே தெரியாது.

எதிரிக்கு வழி தெரியக்கூடாது என்று ஊரிலிருந்த பெயர்ப் பலகைகளையெல்லாம் கழற்றியிருந்தார்கள். அதனால் மாமியார் நிறுத்தங்களுக்குத் தானே பெயர் வைத்தாள். "பல் டாக்டர் இறங்கு! அடுத்தது பொய் சொல்ற மருந்துக்கடை!" மருந்துக்கடைக்காரரே அந்த நிறுத்தத்தில் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவார்.

ஒருநாள் நடுவழியில் குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு ஊதியது. மாமியார் எங்கள் எல்லோரையும் பதுங்குகுழிக்குள் தள்ளிவிட்டுத் தலைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. மருமகள் இன்னும் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் வெளியே ஓடி, அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வண்டி போனா வேற வண்டி வரும்டி, கூறுகெட்டவளே!"

காது சிவந்திருந்தாலும் அன்று முழுக்க மருமகள் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை.

தந்திக்காரர் நல்ல மனிதர். ஆனால் அந்த நாட்களில் அவர் சைக்கிள் தெருவுக்குள் திரும்பினால், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். அவர் கொண்டுவரும் சேதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் பிற்பகல், ஷிஃப்ட் முடிந்து கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் சைக்கிளில் அவர் வந்தார். ஒரு கையில் காகிதம். "ஏழாம் நம்பர்! நிறுத்துங்க!"

மாமியாரின் கை மணிக்கயிற்றுக்குப் போனது. இழுக்காமல் அப்படியே நின்றது. மருமகளும் பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். பஸ் வேகம் எடுத்தது. பல் டாக்டர் வீடு போனது. மருந்துக்கடை போனது. இறங்க வேண்டியவர்கள்கூட சீட்டை விட்டு எழவில்லை. டிக்கெட் பரிசோதகர் ஒருவர் அன்று ஏறியிருந்தார். ஒரு பொத்தான் கழன்றிருந்தாலும் எழுதிவைக்கிற ஆள். அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் ரயில்வே கேட் மூடியிருந்தது.

தந்திக்காரர் வந்து பஸ்ஸின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. "ஏம்மா... நல்ல சேதி கொண்டு வந்தவனை இப்படியா ஓட விடுவீங்க?"

மாமியார் அவரிடமிருந்து காகிதத்தை வாங்கினாள். பிரிக்காமலே அதை என்னிடம் நீட்டினாள். படித்தேன். "பத்து நாள் விடுமுறை. இன்று நாலு மணி ரயிலில் வருகிறேன்."

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

அவள் குதித்து இறங்கி முன்னால் ஓடினாள். மருமகள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாமியார் கதவை அடித்த அடியில் கண்ணாடி அதிர்ந்தது. "வர்றான்டி! நம்ம பையன் வர்றான்! நாலு மணிக்கு!"

நடுரோட்டில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், பிறகு தொப்பி கசங்கிவிட்டது என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

மணி மூன்றே முக்கால். ரயில் நிலையம் எங்கள் ரூட்டிலேயே இல்லை. பஸ் முழுவதும் பரிசோதகரைப் பார்த்தது.

"ரூட்டை விட்டு வண்டி போக விதியில இடம் கிடையாது," என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா கேட் மூடியிருந்தா மாத்துப் பாதையில போகலாம்னு இருக்கு."

"கேட் திறந்துடுச்சே, சார்," என்றார் ஆஸ்பத்திரி சமையல்காரர். எல்லோரும் அவரை முறைத்தார்கள்.

பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "எனக்கு மூடியிருக்கற மாதிரிதான் தெரியுது."

சைக்கிளையும் உள்ளே தூக்கிப் போட்டுக்கொண்டோம். தந்திக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். "எத்தனையோ வீட்டுக்குச் சேதி கொடுத்திருக்கேன். கொடுத்துட்டு நின்னதே இல்லை. இன்னிக்குத்தான் கூடவே போறேன்."

மகன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்து வாசலில் நின்றிருந்தான். ஏழாம் நம்பரைப் பார்த்ததும் அவன் வாய் பிளந்தது. போக்குவரத்தில் ஏதோ சின்ன வேலை என்று மட்டும்தான் மனைவி எழுதியிருந்தாள். அம்மாவோ தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

"அம்மா! நீயுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சினான். அப்புறம் மனைவியைப் பார்த்து, "நகரு, நான் ஓட்டறேன்," என்றான்.

"டூட்டியில இருக்கேங்க. பின்னாடி போய் உட்காருங்க."

"படியில நிக்காதடா, உள்ள போ!" என்றாள் அம்மா.

பஸ்ஸில் கைதட்டல் ஓய வெகுநேரமானது. அவன் கண்ணாடித் தடுப்பை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து, அவள் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தான். "என்னைவிட நல்லா ஓட்டறா," என்றான் என்னிடம். "அவகிட்ட சொல்லிடாதீங்க." இறங்கியதும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன்.

பத்து நாளும் அவன் பஸ்ஸிலேயே சுற்றினான். பிறகு மறுபடி போனான். போர் இன்னும் இரண்டு வருடம் நடந்தது. இடதுகாலைச் சற்று இழுத்து நடந்தபடி அவன் திரும்பி வந்தான். கிளட்ச் மிதிக்க முடியாது என்று டிப்போ பட்டறையில் வேலை கொடுத்தார்கள். ஆண்கள் திரும்பியதால் மற்ற பெண்களைத் தொப்பியைக் கொடுத்துவிட்டு வேலையை விடச் சொன்னபோது, இந்த இருவரும் இருக்கட்டும் என்று எங்கள் பஸ் பயணிகள் நூற்றுப்பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். பரிசோதகரின் கையெழுத்துதான் முதலில் இருந்தது. மருமகள் அதற்குப் பிறகு பதினான்கு வருடம் ஓட்டினாள்.

மாமியார் முழங்கால் ஒத்துழைத்தவரை கண்டக்டராக இருந்தாள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை முதல் வண்டியில் பயணியாக ஏறி, இறங்கும்வரை புது கண்டக்டருக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். அந்த மனிதர் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார். அப்புறம் மூன்றாம் நம்பருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.