ஸ்வெட்டர் இல்லாத ஒரு போட்டோ

மலைமேல் இருக்கும் எங்கள் நாகலூரில் கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் யாருடைய முதுகையும் யாரும் பார்க்க முடியாது. எல்லார் மேலேயும் ஒரு ஸ்வெட்டர் இருக்கும். அப்படியிருந்தும் என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது முதுகுப் பக்கத்து டிசைனைத்தான். போனை நீட்டி, "இந்தப் பாட்டுல அவ போட்டிருக்கா பாரு, அதே மாதிரி வேணும்" என்பார்கள். நானும் ஜன்னல் வைத்து, முடிச்சு வைத்து, குஞ்சம் தொங்கவிட்டுத் தைத்துக் கொடுப்பேன். அதைப் போட்டு, மேலே ஸ்வெட்டரையும் போட்டு, கழுத்து வரை பட்டனை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள்.

"அது உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியுமில்ல சாமி, அது போதும்" என்று ஒருமுறை கண்ணாயி அத்தை சொன்னார். அவர் அப்பாவின் அக்கா. அவருடைய முதுகில் அன்றைக்கு இரண்டு மயில் இருந்தது. என்னையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு வராது. ஒருநாள் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் மணி அடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் பஸ் ஏறவில்லை. வேதியியல் நோட்டில் முக்கால்வாசிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அதில்தான் எழுத ஆரம்பித்தேன்.

எனக்குப் படம் வரைய வராது. அதனால் பாட்டுகளில் பார்க்கிற துணிகளை வார்த்தையில் எழுதி வைப்பேன். 'மஞ்சள் பாவாடை. ஓரத்தில் நாலு விரல் நீலம். திரும்பும்போது நீலம் முதலில் வருகிறது, மஞ்சள் பின்னால் வருகிறது.' இப்படி. கதாநாயகி போட்டிருப்பதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். அவளை எல்லாரும்தான் பார்க்கிறார்களே. அவளுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஆடுகிற பெண்களைத்தான் பார்ப்பேன். கேமரா அவர்களிடம் நிற்காது. நான் நிறுத்திப் பார்ப்பேன். அவர்களுக்கும் யாரோ ஒருவர் அளவெடுத்து, கை மடித்து, பட்டன் தேடித் தைத்திருக்கிறார் அல்லவா?

நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா சசிகலாவுக்கு வாழவந்தியில் மாப்பிள்ளை முடிவாயிற்று. பெயர் யுவராஜ். ஜீப் ஓட்டுகிறார். தை மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல், காலை ஆறரைக்கு முகூர்த்தம். தேதி குறித்துவிட்டு எல்லாரும் போன பிறகு, அக்கா அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"படிச்சியா?" என்றேன். முகம் சுட்டது.

"நாலு மாசமா படிக்கறேன். கையெழுத்துதான் கோழி கிளறுன மாதிரி இருக்குது. என் ஜாக்கெட்டை நீதாண்டி தைக்கோணும் கவியா."

"சேலத்துல குடுத்தா நல்லா..."

"உன்னைத்தான் கேட்டேன்."

போனைத் திறந்து ஒரு பாட்டைக் காட்டினாள். பாலைவனத்தில் எடுத்தது. கதாநாயகி அரக்குச் சிவப்பில் ஜாக்கெட் போட்டிருந்தாள். கை முழுக்க வலைத்துணி. முதுகில் விளக்குச் சுடர் வடிவத்தில் பெரிய ஜன்னல், அதன் குறுக்கே ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் பதினொரு முத்துக் குஞ்சம்.

"இதுக்கு மேல ஸ்வெட்டர் போட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"போட மாட்டேன்."

பீரோவைத் திறந்து போட்டோக்களை எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தாள். மொட்டை அடித்த நாள், ஸ்வெட்டர். நாலாம் வகுப்பு குரூப் போட்டோ, ஸ்வெட்டர். அண்ணா பூங்காவில் பூக்கண்காட்சி, மே மாதம், அப்போதும் ஸ்வெட்டர். வாக்காளர் அட்டையில்கூடக் கழுத்துப் பக்கம் கம்பளி தெரிந்தது.

"இருவத்தி மூணு வருசமா ஒரே மாதிரி இருக்கறேண்டி. பாட்டுல வர்றவ மாதிரி ஒரே ஒரு நாள். ஒரே ஒரு போட்டோ. ஸ்வெட்டர் இல்லாம." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மொட்டைத் தலைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். "தை மாசப் பனியில வெறைச்சுப் போயிருவ. ஊட்டுக்குள்ளயே பல்லு தந்தியடிக்குது!"

"நான் போட மாட்டேன்மா."

அந்தப் பாட்டை எத்தனை தடவை நிறுத்திப் பார்த்தேன் என்று தெரியாது. வலைத்துணியைச் சேலத்திலிருந்து வரவழைத்தோம். ஜன்னலின் ஓரம் சுருங்காமல் நிற்க மூன்று முறை பிரித்துத் தைத்தேன். ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு அடுப்படியில் வைத்துத்தான் போட்டுப் பார்த்தோம். வீட்டில் வெதுவெதுப்பான இடம் அது ஒன்றுதான். விறகு கனன்றுகொண்டிருக்கும், சோறு கொதித்துக்கொண்டிருக்கும், அக்கா சுற்றிச் சுற்றி நிற்பாள். "எனக்கு ஒண்ணும் குளுரலியே" என்பாள். அம்மாகூட, "பரவால்லயே, தாங்கும்போல" என்று சொல்லிவிட்டார். வெளியே ஒரு அடி வைத்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஜாக்கெட்டில் கொஞ்சம் பட்டு மிஞ்சியது. அதை வைத்து எனக்காக ஒன்று செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பனிமலையில் எடுத்த வேறொரு பாட்டில், மூன்றாவது வரிசையில் ஒருத்தி இடுப்பு வரை ஒரு கம்பளிக் கோட்டுப் போட்டு, முன்பக்கம் திறந்துவிட்டிருப்பாள். ஓரமெல்லாம் ஜரிகை. இரண்டு விநாடிதான் தெரிவாள். என் பள்ளிக்கூட ஸ்வெட்டர் மெரூன் நிறம். வளரட்டும் என்று பெரிதாக வாங்கியது. இனி அதைப் போட்டுக்கொண்டு எங்கும் போகப்போவதில்லை. முன்பக்கத்தை நெடுக வெட்டினேன். பிரியாமல் இருக்க வெட்டின ஓரத்தில் பட்டு வைத்து மடித்தேன். அம்மாவின் கிழிந்த சேலையிலிருந்து ஜரிகையை எடுத்துக் கழுத்திலும் கையிலும் வைத்தேன். பாக்கெட்டில் இருந்த பள்ளிக்கூட முத்திரையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. அங்கே ஒரு பூ தைத்தேன்.

கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொண்டேன். வாசல் வரை போனதும் எல்லாரும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. திரும்பி வந்து அதன்மேல் அம்மாவின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பந்தலுக்கு வெளியே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. மாவிலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்கா மணையில் உட்காரும் முன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டதும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அத்தனை பேரும் ஒரு முதுகைப் பார்த்தார்கள். பதினொரு குஞ்சமும் ஆடின.

குஞ்சம் ஏன் ஆடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. அக்கா நடுங்கிக்கொண்டிருந்தாள்.

டவுனிலிருந்து வந்த போட்டோகிராபர் கிறிஸ்துதாஸ், "பொண்ணு கொஞ்சம் சிரிங்க" என்றார். அக்கா சிரித்தாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. உதடு ஊதாவாகியிருந்தது. வலைத்துணிக்குள் கை முழுக்கப் புல்லரித்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

யுவராஜ் மாமா குனிந்து மெதுவாகக் கேட்டார். முன்வரிசையில் எல்லாருக்கும் கேட்டது. "ஏனுங்க, பட்டுச் சட்டைக்குள்ள நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கறனுங்க. ஒண்ணு கழட்டித் தரட்டுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள்.

கண்ணாயி அத்தை தன் கிளிப்பச்சை ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டு ஓடினார். "போடு சாமி. தாலி ஏறும்போது காய்ச்சல் வந்தா நல்லாவா இருக்கும்?"

"வேண்டாங்கத்த."

"அட போடு கண்ணு! கல்யாணப் பொண்ணுக்கு என்ன வீம்பு?" அத்தை ஒரு கையை நுழைத்தே விட்டார்.

அப்போது அக்கா கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். கண் நிறைந்திருந்தது. குளிருக்காக அழவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அரக்குப் பட்டின் மேல் கிளிப்பச்சை. பாயில் வரிசையாக வைத்த போட்டோக்களில் இதுவும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

எனக்கும் மணைக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும். பந்தலில் இருநூறு பேர் இருப்பார்கள். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. பாதியிலேயே சால்வை விழுந்துவிட்டது. அக்காவின் பக்கத்தில் போய் நின்று கோட்டைக் கழற்றினேன்.

"அத்த, அதை எடுத்துருங்க. இதைப் போடட்டும்."

மந்திரம் சொல்ல மணைப் பக்கத்தில் வைத்திருந்த மைக்கில் என் குரல் விழுந்து பந்தல் முழுக்கக் கேட்டது. அத்தை வாயைத் திறந்தபடி பச்சை ஸ்வெட்டரை உருவினார்.

அக்கா கைகளை நுழைத்துக்கொண்டாள். அளவாக இருந்தது. முன்பக்கம் திறந்திருந்ததால் நகையும் ஜாக்கெட்டும் தெரிந்தன. ஜரிகை ஓமத் தீயில் மின்னியது. அவள் ஓரத்துப் பட்டைத் தடவிப் பார்த்தாள். கறுப்புத் தட்டிய இடத்தில் இருந்த பூவையும் தடவினாள்.

"இது உன் பள்ளிக்கூடத்து ஸ்வெட்டர்தான?"

"ம்."

"எந்தப் பாட்டுலடி வந்துச்சு?"

"ஒரு பாட்டுல. மூணாவது வரிசையில."

"எனக்கு ஏண்டி காட்டல?"

"ஸ்வெட்டரே வேண்டாம்னு சொன்னயே."

அக்கா சிரித்தாள். இந்த முறை பல் அடித்துக்கொள்ளவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. யுவராஜ் மாமா தாலி கட்டும்போது கோட்டின் கழுத்தை நான்தான் விலக்கிப் பிடித்தேன்.

எட்டு மணிக்கு மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. அக்கா உடனே எழுந்தாள். "கிறிஸ்துதாஸ் அண்ணா, ஒரே ஒரு போட்டோ. முதுகுப் பக்கம். சீக்கிரம் எடுங்க." கோட்டைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். நான் கயிற்றை நேராக்கி, குஞ்சங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கிறிஸ்துதாஸ் மூன்று வரை எண்ணினார்.

அந்தப் போட்டோ இப்போது என் நோட்டில் இருக்கிறது. ஜன்னல் சுருங்கவில்லை. முதுகு முழுக்கப் புல்லரித்திருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும், கோட்டைத் தயாராகப் பிடித்தபடி நீண்டிருக்கிறது.

வாழவந்தி வீட்டில் அக்கா மாட்டியிருப்பது அதுவல்ல. கோட்டோடு எடுத்த குரூப் போட்டோவைத்தான் மாட்டியிருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள்.

"ஏண்டி, இங்க நாலு பேரு பழைய ஸ்வெட்டரைத் தூக்கிட்டு வந்து நிக்கறாங்க. உன்னைய வரச் சொல்றாங்க."

"நானா? அங்கயா? நீயே அளவெடுத்து அனுப்பு."

"அனுப்ப மாட்டேன். பஸ் ஏறி வா. அப்பறம் இன்னொண்ணு. நம்ம குரூப் போட்டோவை நல்லாப் பாத்தியா?"

"ஏன்?"

"நான் ஆசைப்பட்ட போட்டோ, மொகத்தோட, உனக்குல்ல வந்திருக்குது!"

எடுத்துப் பார்த்தேன். அப்பா, அம்மா, அத்தை, மாமாவின் ஆட்கள் எல்லாரும் கழுத்து வரை பட்டன் போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் வெறும் தாவணியில் நின்றாள்.

நோட்டைத் திறந்து எழுதினேன். 'வெளிர் ஊதாத் தாவணி. ஜாக்கெட் கை முழங்கை வரை. ஓரத்தில் வெள்ளி நூல். நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நேராகக் கேமராவைப் பார்க்கிறாள்.'